மூடிய போர்ட்டின் மேல் போடும் பழி

டவுன்லோட் மென்பொருளில் இணைப்புப் பிழை வருகிறது என்று யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். எங்கே போனாலும் பதில் ஒன்றுதான். ரவுட்டரில் போர்ட்டைத் திற. போர்ட்டைத் தானாகத் திறந்துகொள்ளும் யுபிஎன்பி-யை ஆன் செய். அப்படியும் வரவில்லையா, கம்ப்யூட்டரை டிஎம்இசட்டில் போடு. விண்டோஸ் ஃபயர்வாலை அணைத்துவிட்டுப் பார். எதற்கும் மசியவில்லை என்றால் ரவுட்டரின் முதுகில் இருக்கும் சின்னத் துளையில் குண்டூசியை விட்டு அழுத்து. கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைக்காரரும், ஃபைபர் இழுக்க வரும் தம்பியும், ஐ.டி. கம்பெனியில் இருக்கும் அத்தை மகனும் வேறு எதில் முரண்பட்டாலும் இதில் ஒத்துப்போவார்கள்.

இத்தனை பேர் ஒரே குரலில் சொல்வதால் அது உண்மையாகிவிடாது. இந்த அறிவுரை முழுவதும் ஒரே ஓர் ஊகத்தின் மேல் நிற்கிறது: வெளியிலிருந்து உள்ளே வர வேண்டிய எதையோ ரவுட்டர் மறிக்கிறது என்ற ஊகம். வீட்டில் டவுன்லோட் தடுமாறும்போது பெரும்பாலும் நடப்பது இதற்கு நேர் எதிர். உள்ளிருந்து வெளியே ஒரே சமயத்தில் அளவுக்கு மீறிப் போகிறது. ரவுட்டரோ, அதற்கும் மேலே நெட் கம்பெனி வைத்திருக்கும் கருவியோ தாங்க முடியாமல் கைவிடுகிறது. அல்லது எதிர்முனையில் ஆளே இல்லை. இரண்டில் எதையும் போர்ட்டைத் திறப்பது தீர்க்காது. தீர்க்காததோடு நில்லாமல் வீட்டை ஊருக்கே திறந்துவிடும் வேலையையும் அது செய்கிறது. என் சண்டை அதனோடுதான்.

முதலில் அந்தத் தீச்சுடர்ச் சின்னம். கியூபிட்டோரன்ட் என்ற டோரன்ட் மென்பொருளின் கீழ்ப்பட்டையில் அதைப் பார்த்துத்தான் பாதிப் பேர் பதறுகிறார்கள். மவுஸை அதன் மேல் கொண்டுபோனால், நேரடி இணைப்புகள் இல்லை, நெட்வொர்க் அமைப்பில் சிக்கல் இருக்கலாம் என்ற பொருளில் ஒரு வரி தெரியும். அதில் உள்ள 'இருக்கலாம்' யார் கண்ணிலும் படுவதில்லை. அந்த மென்பொருளுக்குத் தெரிந்தது மிகக் கொஞ்சம்: தன்னைத் திறந்ததிலிருந்து வெளியாள் எவரும் தாமாக வந்து தன்னோடு இணையவில்லை, அவ்வளவே. நீங்கள் போய் மற்றவர்களோடு இணைய முடியவில்லை என்று அது சொல்லவில்லை.

இந்த வேறுபாட்டில்தான் விஷயமே இருக்கிறது. இரண்டு கம்ப்யூட்டர்களுக்கு இடையே ஒரு டிசிபி இணைப்பை யார் தொடங்கினாலும், தொடங்கிய பிறகு தரவு இரு பக்கமும் ஓடும். நீங்கள் வெளியே போய் ஒரு சீடரோடு, அதாவது முழுக் கோப்பையும் வைத்துக்கொண்டு பிறருக்குத் தருபவரோடு, இணைந்தால், அவரிடமிருந்து கோப்பை வாங்க உங்கள் பக்கம் எந்தப் போர்ட்டும் திறந்திருக்கத் தேவையில்லை. பிரவுசரில் ஒரு பக்கத்தைத் திறக்க யாராவது போர்ட் திறக்கிறார்களா? உபுண்டு, டெபியன், லிப்ரேஆபிஸ் போன்றவை தங்கள் வெளியீடுகளை டோரன்ட்டாகவும் தருகின்றன. இன்டர்நெட் ஆர்க்கைவ் 2012-லிருந்து தன் கோப்புகளை அப்படியும் வழங்குகிறது. (டோரன்ட் என்றாலே திருட்டு என்று முகம் சுளிப்பவர்களுக்காக இதைச் சொல்லிவைக்கிறேன்.) உபுண்டுவின் புதுப் பதிப்பை ஒரு போர்ட்டும் திறக்காத வீட்டிலிருந்து இறக்குங்கள். தீச்சுடர் எரிந்துகொண்டே இருக்கும்; கோப்பு உங்கள் பிளானின் முழு வேகத்தில் வந்துகொண்டே இருக்கும். எதிர்முனையில் திறந்த போர்ட்டோடு உட்கார்ந்திருப்பவர்கள் அத்தனை பேர். இருவரில் ஒருவர் அணுகக்கூடியவராக இருந்தால் போதும் என்பதுதான் கணக்கு.

"சரி, திறந்து வைப்பதில் என்ன குறைந்துபோயிற்று" என்று கேட்பார்கள். பல வீடுகளில் திறக்கவே முடியாது என்பது முதல் பதில். ஐபிவி4 முகவரிகள் மொத்தமே சுமார் 429 கோடி. உலக அளவிலான கையிருப்பு 2011 பிப்ரவரியில் தீர்ந்தது. அதே ஆண்டு ஏப்ரலில் ஆசிய-பசிபிக் வட்டாரத்துக்கு முகவரி பங்கிடும் ஏப்னிக் கடைசித் தொகுப்புக்கு வந்து ரேஷன் முறைக்கு மாறிவிட்டது. அதற்குப் பிறகு சேர்ந்த கோடிக்கணக்கான வாடிக்கையாளர்களுக்குத் தலைக்கொரு பொது முகவரி கொடுக்க நெட் கம்பெனிகளிடம் எதுவும் இல்லை. ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கிடும் சிஜி-நேட் என்ற பெரிய நேட் கருவியைத் தங்கள் பக்கத்திலேயே வைத்துக்கொண்டார்கள். இதற்கென்றே 2012-இல் 100.64-இல் தொடங்கி 100.127 வரை ஒரு முகவரிப் பட்டை ஒதுக்கப்பட்டது.

உங்கள் ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் வான் (WAN) ஐபி என்ற இடத்தில் அந்தப் பட்டையில் உள்ள எண் இருந்தால், அல்லது 10-இல் தொடங்கும் எண் இருந்தால், உங்கள் பொது முகவரி உங்கள் வீட்டிலேயே இல்லை. வெளியிலிருந்து வரும் இணைப்பு கம்பெனியின் கருவியிலேயே நின்றுவிடும். நீங்கள் உங்கள் ரவுட்டரில் எத்தனை போர்ட்டைத் திறந்தாலும் அதை வந்து தொடுவதற்கு யாருமில்லை. வேடிக்கை என்னவென்றால், இந்த நிலையிலும் யுபிஎன்பி பல ரவுட்டர்களில் வெற்றி என்றே அறிவிக்கும். மென்பொருள் கேட்டது உங்கள் ரவுட்டரிடம். ரவுட்டரும் தன்னால் முடிந்ததைத் திறந்துவிட்டது. அதற்கு மேலே இன்னொரு நேட் இருப்பதை அது சொல்வதில்லை. கம்பெனி கொடுத்த ஃபைபர் பெட்டிக்குப் பின்னால் நீங்கள் கடையில் வாங்கிய ரவுட்டரை மாட்டியிருந்தாலும் இதே கதைதான், வீட்டுக்குள்ளேயே. இப்படிப்பட்ட வீட்டுக்காரரிடம் போர்ட்டைத் திற என்று சொல்லிவிட்டுப் போவது அவருடைய ஞாயிற்றுக்கிழமையை வீணாக்கும் வேலை. வான் ஐபியையும், வெளியே உள்ள ஒரு தளம் காட்டும் உங்கள் ஐபியையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒரு நிமிடம் ஆகுமா? அந்த ஒரு நிமிடத்தைச் செலவழிக்கச் சொல்பவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

முகவரிப் பங்கீட்டின் இன்னொரு விளைவு டோரன்ட் பக்கமே போகாதவர்களையும் கடிக்கும். கோப்புகளை வைத்துத் தரும் பல தளங்கள் இலவசப் பயனாளருக்கு ஓர் ஐபிக்கு ஒரு டவுன்லோட் என்று வரம்பு வைக்கின்றன. உங்கள் ஐபியைப் பயன்படுத்துபவர் இன்னும் பல வீட்டுக்காரர்கள். அவர்களில் ஒருவர் அதே தளத்தில் எதையோ இறக்கிக்கொண்டிருந்தால், "இந்த முகவரியிலிருந்து ஏற்கெனவே ஒரு டவுன்லோட் நடக்கிறது" என்று உங்கள் மேல் பழி விழும். அத்தகைய தளங்களிலிருந்து இறக்கப் பயன்படும் ஜேடவுன்லோடர் பிழை காட்டும். நீங்கள் ரவுட்டரைக் குடைவீர்கள்.

இனி உண்மையான நோய்க்கு வருகிறேன். வீட்டு ரவுட்டர் செய்யும் முக்கியமான வேலை நினைவு வைத்துக்கொள்வது. உள்ளிருந்து ஒரு கருவி வெளியே ஓர் இணைப்பைத் தொடங்கியதும், எந்தக் கருவி, எந்தப் போர்ட், எதிரே யார் என்று ஓர் அட்டவணையில் ஒரு வரி எழுதிக்கொள்கிறது. பதில் வரும்போது அந்த வரியைப் பார்த்துத்தான் உரியவரிடம் சேர்க்கிறது. பெரிய கோயில்களின் வாசலில் செருப்பு வைக்கும் இடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு டோக்கன், ஒரு தட்டு. தட்டுகள் எண்ணிக்கை உள்ளவை. டோக்கன் வாங்கியவர் திரும்பி வராமலே போய்விட்டாலும் அந்தத் தட்டு குறிப்பிட்ட நேரம் வரை காலியாகாது. திருவிழா நாளில் தட்டெல்லாம் நிறைந்துவிட்டால் அடுத்து வருபவருக்கு டோக்கன் கிடையாது. அவர் யார், எதற்காக வந்தார் என்பதற்கு அங்கே மதிப்பில்லை.

டோரன்ட் மென்பொருள் தினமும் திருவிழாக் கூட்டத்தோடு வருகிறது. யாரிடம் கோப்பு இருக்கிறது என்று சொல்லும் டிராக்கர் தரும் பட்டியலில் உள்ள நூற்றுக்கணக்கான முகவரிகளையும் அது தட்டிப் பார்க்கும். அவற்றில் பாதி செத்த முகவரிகள். இதற்கு மேல் டிஹெச்டி இருக்கிறது. டிராக்கர் இல்லாமலே ஆட்களைத் தேட, முன்பின் தெரியாத கம்ப்யூட்டர்களிடம் சின்னச் சின்ன யுடிபி கேள்விகளை அனுப்பிக்கொண்டே இருக்கும் முறை அது. ஒவ்வொரு கேள்விக்கும் அட்டவணையில் ஒரு வரி. கியூபிட்டோரன்ட் தானாக வைத்திருக்கும் மொத்த இணைப்பு வரம்பு 500. அது டிஹெச்டி கேள்விகளைக் கட்டுப்படுத்துவதில்லை. விலை குறைந்த ரவுட்டர்களில் அட்டவணையே சில ஆயிரம் வரிகள்தான்.

காலாவதிக் கணக்கு இன்னும் சுவாரசியம். வீட்டு ரவுட்டர்களில் மிகப் பலவற்றின் உள்ளே ஓடுவது லினக்ஸ். நிலைபெற்ற ஒரு டிசிபி இணைப்பை, அதில் ஒரு பாக்கெட்கூட ஓடாவிட்டாலும், எவ்வளவு நேரம் அட்டவணையில் வைத்திருப்பது என்பதற்கு லினக்ஸ் கர்னலின் இயல்பான அளவு 4,32,000 விநாடி. அதாவது 5 நாள். எதிர்முனையில் இருந்தவர் லேப்டாப்பை மூடிவிட்டுத் தூங்கப் போய் நாலு நாள் ஆகியும் அவருக்கான வரி உங்கள் ரவுட்டரில் குந்தியிருக்கும். பொறுப்பான தயாரிப்பாளர்கள் இதைக் குறைத்துவிடுகிறார்கள். ரவுட்டர்களுக்கான திறமூல மென்பொருளான ஓபன்டபிள்யூஆர்டி 2 மணி 4 நிமிடமாகக் குறைத்து வைத்திருக்கிறது. எல்லோரும் பொறுப்பானவர்கள் இல்லை.

அட்டவணை நிறைந்துவிட்டால் லினக்ஸ் தன் பதிவேட்டில் ஒரு வரி எழுதிவிட்டுப் புதிய பாக்கெட்டுகளைச் சத்தமில்லாமல் கீழே போடும். பதிவேட்டை யார் திறந்து பார்க்கிறார்கள்? வெளியே தெரிவதெல்லாம் இதுதான்: டவுன்லோட் மென்பொருளில் டைம்அவுட் பிழைகள் வரிசையாக வரும், அதே நேரம் ஹாலில் டிவியில் ஓடும் படம் சுற்றிக்கொண்டு நிற்கும், போனில் புதுப் பக்கம் எதுவும் திறக்காது, ஆனால் ஏற்கெனவே பேசிக்கொண்டிருந்த வீடியோ அழைப்பு மட்டும் அறுபடாமல் போய்க்கொண்டிருக்கும். பழைய வரிக்குப் பழுதில்லை, புதியதற்கு இடமில்லை. இந்த அறிகுறியைப் பார்த்த பிறகும் ஒருவர் போர்ட்டைத் திற என்று சொன்னால், ஏற்கெனவே நிரம்பிய அட்டவணைக்குள் வெளியாட்களையும் கூப்பிடுகிறார் என்று பொருள். நிலைமை மோசமாகத்தான் ஆகும்.

செய்ய வேண்டியது மென்பொருளின் பக்கம் இருக்கிறது, ரவுட்டரின் பக்கம் இல்லை. மொத்த இணைப்புகளை 500-லிருந்து 150 அல்லது 200-க்கு இறக்குங்கள்; ஒரே சமயத்தில் ஓடும் டோரன்ட்டுகளை இரண்டு மூன்றோடு நிறுத்துங்கள்; அதிலும் அடங்கவில்லை என்றால் டிஹெச்டியைக் கொஞ்ச நாள் அணைத்துப் பாருங்கள். வேகம் குறையுமே என்று பயப்பட வேண்டாம். நல்ல சீடர்கள் சிலர் இருந்தாலே ஒரு வீட்டு இணைப்பு நிறைந்துவிடும்; மற்ற நூற்றுக்கணக்கானோர் அட்டவணையை நிறைப்பதற்கு மட்டும் பயன்படுவார்கள்.

சிஜி-நேட்டுக்குப் பின்னால் இருப்பவர்களுக்கு இந்தக் கட்டுப்பாடு இன்னும் அவசியம். ஒரு பொது முகவரிக்கு 65,536 போர்ட்டுகள்தான் உண்டு. அதைப் பல வீடுகளுக்குப் பிரித்துக் கொடுப்பதால் கம்பெனி ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒரு வரம்பு வைக்க முடியும், வைக்கவும் செய்கிறது. அந்த வரம்பைத் தொட்டுவிட்டால் பத்தாயிரம் ரூபாய் ரவுட்டர் வாங்கி மாட்டினாலும் அதே பிழைதான் வரும். "பழைய ரவுட்டர் சார், மாத்திடுங்க" என்பது அறிவுரையா விற்பனையா என்று கேட்கத் தோன்றுகிறது.

இந்த மரபு எங்கிருந்து வந்தது என்பதையும் பார்த்துவிடலாம். பிராம் கோஹன் பிட்டோரன்ட்டை வெளியிட்டது 2001-இல். அன்றைய வீட்டு இணைப்புகள் பலவற்றில் பொது முகவரி நேராக வீட்டுக்கே வந்தது. 6881 முதல் 6889 வரை போர்ட்டுகளைத் திற என்ற அறிவுரைக்கு அப்போது பொருள் இருந்தது. 2004 ஆகஸ்டில் விண்டோஸ் எக்ஸ்பியின் இரண்டாவது சர்வீஸ் பேக் வந்தது. அது இரண்டு காரியம் செய்தது. ஃபயர்வாலைத் தானாகவே ஆன் செய்து வைத்தது. கூடவே, ஒரே நேரத்தில் பாதியில் நிற்கும் வெளிச்செல் இணைப்பு முயற்சிகளை 10-க்குள் கட்டிப்போட்டது. வரம்பை மீறினால் 4226 என்ற எண்ணோடு ஒரு நிகழ்வு பதிவாகும். புழுக்கள் பரவுவதைத் தணிக்கச் செய்த ஏற்பாடு அது. மக்கள் என்ன செய்தார்கள்? யாரோ முகம் தெரியாதவர் திருத்தி வைத்த சிஸ்டம் கோப்பை இறக்கி, விண்டோஸின் கோப்புக்குப் பதிலாகப் போட்டு, வரம்பை உடைத்தார்கள். 2009-இல் மைக்ரோசாஃப்டே அந்த வரம்பை எடுத்துவிட்டது. எக்ஸ்பியும் போயிற்று, அந்தப் பத்தும் போயிற்று, வீட்டுக்கு வந்துகொண்டிருந்த பொது முகவரியும் போயிற்று. அறிவுரை மட்டும் ஒரு வார்த்தை மாறாமல் இருக்கிறது.

அப்லோடைப் பற்றி ஒரு சொல். கேபிள் இணைப்பிலும், செல்போன் அலைவரிசையில் ஓடும் வீட்டு ரவுட்டர்களிலும் மேலே போகும் பாதை கீழே வருவதைவிடக் குறுகல். அதை டோரன்ட் முழுக்க நிறைத்துவிட்டால், நீங்கள் இறக்கும் ஒவ்வொரு துண்டுக்கும் திரும்பப் போக வேண்டிய ஒப்புகைப் பாக்கெட் வரிசையில் மாட்டிக்கொள்ளும், டவுன்லோடும் படுத்துவிடும். ரவுட்டர்களில் தேவைக்கு மேல் பெரிய வரிசை வைத்திருப்பதால் வரும் இந்தத் தாமதத்தை 2010 வாக்கில் மென்பொருளாளர் ஜிம் கெட்டிஸ் உலகத்தின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். பஃபர்புளோட் என்று பெயர். அப்லோட் வேகத்தை உங்கள் இணைப்பின் உண்மையான அளவில் 80 சதவீதத்துக்குக் கட்டினாலே பாதிப் பிழைகள் மறையும். பூஜ்யத்துக்குக் கொண்டுபோகாதீர்கள், கொடுக்காதவருக்கு மற்றவர்களும் கொடுக்காத ஏற்பாட்டில்தான் பிட்டோரன்ட் ஓடுகிறது.

பிழைச் செய்தியைப் படிக்காமலே மருத்துவம் பார்ப்பதுதான் எனக்கு ஆறாத கோபம். செய்தி பல சமயம் யார் மேல் தவறு என்று பச்சையாகவே சொல்லிவிடுகிறது. விண்டோஸில் 10061 என்றால் எதிர்முனை மறுத்துவிட்டது. மறுப்பு உங்களிடம் வந்து சேர்ந்திருக்கிறது என்றால் உங்கள் பாக்கெட் போயிருக்கிறது, பதிலும் திரும்பியிருக்கிறது. பெரும்பாலும் அங்கே அந்த மென்பொருள் ஓடவில்லை என்பதுதான் காரணம். உங்கள் ரவுட்டர் குற்றமற்றது. 429, 503 போன்ற எண்கள் வந்தால் சர்வரே உங்களோடு பேசுகிறது. இணைப்பு நன்றாகவே இருக்கிறது, நீங்கள் ஒரே நேரத்தில் பல முறை கேட்கிறீர்கள் என்று சலித்துக்கொள்கிறது. இன்டர்நெட் டவுன்லோட் மேனேஜரில் எட்டாக இருக்கும் இணைப்புகளை வேகம் வேண்டி முப்பத்திரண்டாக ஏற்றியவர்களுக்குத்தான் இது அதிகம் வரும். எண்ணை இறக்கினால் பிழை போய்விடும். 10060, அதாவது பதிலே இல்லை என்பதுதான் இரண்டு பக்கமும் பேசக்கூடிய பிழை. அது வரும் நேரத்தில் அதே வைஃபையில் உள்ள போனில் இதுவரை திறக்காத ஒரு தளத்தைத் திறந்து பாருங்கள். அதுவும் தொங்கினால் உங்கள் அட்டவணையையோ அப்லோடையோ சந்தேகியுங்கள். சட்டென்று திறந்தால் எதிர்முனையில் ஆள் இல்லை, விட்டுவிடுங்கள்.

இணைப்பு கிடைத்து, சின்னப் பக்கங்கள் வந்து, பெரிய கோப்பு மட்டும் தொடக்கத்திலேயே உறைந்து நின்றால் அது இன்னொரு சங்கதி. யூசர்நேம், பாஸ்வேர்டு போட்டு இணையும் பிபிபிஓஇ முறையில் ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு 1500 பைட் கிடையாது, 1492. வழியில் யாராவது ஐசிஎம்பி என்ற அறிவிப்புச் செய்திகளைத் தடுத்து வைத்திருந்தால், பாக்கெட் பெரிதாக இருக்கிறது என்ற தகவல் அனுப்பியவருக்குப் போய்ச் சேராது. ரவுட்டரில் அந்த உச்ச அளவை, அதாவது எம்டியு-வை, 1492 ஆக்குவது ஒரு வரி வேலை. இதைச் சொல்லாமல் ரீசெட் துளையைக் காட்டுகிறார்களே, அந்தக் குண்டூசி என்ன செய்யும் தெரியுமா? பிபிபிஓஇ யூசர்நேம், பாஸ்வேர்டு, விலேன் எண் எல்லாவற்றையும் அழித்துவிடும். சனிக்கிழமை இரவு அழித்தால் திங்கட்கிழமை ஆள் வரும்வரை டவுன்லோடும் இல்லை, வாட்ஸ்அப்பும் இல்லை.

தளத்தின் பெயருக்கு முகவரி கிடைக்கவில்லை என்ற பிழையான 11001-க்குச் சென்னையில் ஒரு வரலாறே உண்டு. 2012-இல் '3' படத்தின் திருட்டுப் பிரதிகளைத் தடுக்கச் சென்னை உயர்நீதிமன்றத்தில் பெயர் குறிப்பிடாத எதிர்வாதிகள் மேல் ஓர் ஆணை வாங்கப்பட்டது. அதைக் காரணம் காட்டி நெட் கம்பெனிகள் டோரன்ட் தளங்களையும், சட்டப்படி இயங்கிய வீடியோ தளங்களையும்கூட மொத்தமாக மூடின. ஜூன் மாதம் அதே நீதிமன்றம் தலையிட்டு, தடை குறிப்பிட்ட யுஆர்எல்களுக்குத்தான், முழுத் தளத்துக்கு இல்லை என்று தெளிவுபடுத்த வேண்டியிருந்தது. தடுக்கப்பட்ட ஒரு டிராக்கரின் பெயருக்கு உங்கள் கம்பெனியின் டிஎன்எஸ் பதில் தராவிட்டால், அதற்கும் உங்கள் போர்ட்டுக்கும் என்ன உறவு? டிராக்கர் பட்டியலில் இருபது வரி சிவப்பாக இருந்தாலும் ஒன்று வேலை செய்தால் டவுன்லோட் நடக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எதிர்த்தரப்பின் வலுவான வாதங்களை நான் மறைக்கப் போவதில்லை. கம்பெனிகள் வேண்டுமென்றே டோரன்ட்டை அறுத்த வரலாறு உண்மை. 2007-இல் அமெரிக்காவின் காம்காஸ்ட், இரண்டு முனைகளும் அனுப்பாத ரீசெட் பாக்கெட்டுகளைத் தானே போலியாகச் செய்து நடுவில் செருகியது வெளியே வந்தது. மறு ஆண்டு அந்நாட்டுத் தகவல்தொடர்பு ஆணையம் அதைக் கண்டித்து உத்தரவிட்டது, 2010-இல் மேல்முறையீட்டில் அந்த உத்தரவு நிற்கவில்லை. அப்படிச் செய்பவர்கள் இன்றும் இருக்கலாம். ஆனால் அறுப்பவர் நடுவழியில் உட்கார்ந்திருக்கும்போது உங்கள் வீட்டில் போர்ட்டைத் திறந்து என்ன ஆகப்போகிறது? அந்த வாதமும் கடைசியில் என் பக்கமே வந்து நிற்கிறது.

போர்ட் திறந்திருப்பதால் பயனே இல்லை என்றும் நான் சொல்லவில்லை. நீங்கள் சீட் செய்பவராக இருந்தால் வேண்டும். பத்துப் பேர்கூட இல்லாத ஓர் அரிய கோப்பில், இருக்கும் எல்லோருமே மூடிய போர்ட்டுக்காரர்கள் என்றால், யாராவது ஒருவர் திறந்தால்தான் காரியம் நடக்கும். உங்களுக்குப் பொது முகவரி இருந்தால் ஒரே ஒரு போர்ட்டை, ஒரே ஒரு கம்ப்யூட்டருக்கு, நிலையான உள் ஐபியோடு, கையால் திறந்துகொள்ளுங்கள். சோதிக்கும்போது மென்பொருள் ஓடிக்கொண்டிருக்கட்டும். கேட்க ஆளில்லாத போர்ட்டை எந்தச் சோதனையும் மூடியதாகத்தான் காட்டும். இந்தியாவில் இணையம் பயன்படுத்துவோரில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ஐபிவி6 வந்துவிட்டது. அதில் நேட்டே இல்லை, ரவுட்டரின் ஃபயர்வாலில் அந்த ஒரு கம்ப்யூட்டருக்கு ஒரு விதி எழுதினால் போதும். இதற்கும் 'எல்லாவற்றையும் திற' என்பதற்கும் இடையே உள்ள தூரம் சின்னதில்லை.

ஏனென்றால் டிஎம்இசட் திறப்பது ஒரு போர்ட்டை இல்லை, வேறெங்கும் ஒதுக்காத எல்லாவற்றையும். அதையும் கம்ப்யூட்டருக்கு என்று திறப்பதில்லை, 192.168.1.5 என்பது போன்ற ஓர் எண்ணுக்குத் திறக்கிறது. அந்த எண்ணை ரவுட்டர் அடுத்த மாதம் உங்கள் சிசிடிவி பெட்டிக்குக் கொடுத்துவிட்டால், ஊர் முழுக்கத் தட்டக்கூடிய இடத்தில் இப்போது நிற்பது சிசிடிவி பெட்டி. 2016-இல் மிராய் என்ற தீநிரல், தயாரிப்பாளர் வைத்த பாஸ்வேர்டை மாற்றாத கேமராக்களையும் டிவிஆர்களையும் ரவுட்டர்களையும் இப்படித் தட்டித் தட்டியே படை திரட்டியது. அந்த அக்டோபரில் டைன் (Dyn) என்ற டிஎன்எஸ் நிறுவனத்தை அது தாக்கியபோது டுவிட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற பெரிய தளங்களே தடுமாறின. யுபிஎன்பி இன்னும் அமைதியானது. வீட்டுக்குள் இருக்கும் எந்த நிரலும் பாஸ்வேர்டு இல்லாமல் ரவுட்டரிடம் போர்ட் கேட்கலாம், ரவுட்டர் கொடுத்துவிடும். 2013-இல் ரேபிட்7 நிறுவனம் ஆராய்ந்தபோது, வீட்டுக்குள் மட்டும் பேச வேண்டிய இந்த யுபிஎன்பிக்கு வெளி இணையத்திலிருந்தே பதில் சொன்ன முகவரிகள் 8 கோடிக்கு மேல். 2022 ஜனவரியில் டெட்போல்ட் என்ற பணயத் தீநிரல் க்யூநாப் சேமிப்புப் பெட்டிகளைப் பூட்டத் தொடங்கியதும், அந்த நிறுவனம் தன் வாடிக்கையாளர்களுக்குச் சொன்ன முதல் அறிவுரை என்ன? ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங்கை நிறுத்துங்கள், பெட்டியில் யுபிஎன்பியை நிறுத்துங்கள் என்பதுதான்.

இத்தனைக்கும் பிறகு ஒருவர் கையை உயர்த்துவார்: "எங்க வீட்ல டிஎம்இசட் போட்டதும் சரியாயிடுச்சே சார்!" பொய் சொல்லவில்லை, சரியாகத்தான் ஆகியிருக்கும். பல வீட்டு ரவுட்டர்கள் இத்தகைய அமைப்பை மாற்றிச் சேமித்ததும் தாமாகவே மறுபடி தொடங்கும், அல்லது நெட்வொர்க் பகுதியையாவது அணைத்து ஏற்றும். அதில் அட்டவணை முழுக்கத் துடைக்கப்படும். திரும்பி வராதவர்களின் வரிகளெல்லாம் ஒரே நொடியில் காலி. டவுன்லோட் ஓடத் தொடங்கும். புகழ் டிஎம்இசட்டுக்குப் போகும். ரவுட்டரை ஆஃப் செய்து ஆன் செய்தால் சரியாகிறது என்ற இன்னொரு நம்பிக்கையும் இப்படிப் பிறந்ததுதான். சில நாளில் அட்டவணை நிறைந்ததும் மறுபடி ஸ்விட்சைத் தேடி எழுந்து போவார்கள். சோதித்துப் பார்க்க விரும்புபவர் இன்றிரவே டிஎம்இசட்டை எடுத்துவிட்டு, மென்பொருளில் மொத்த இணைப்பை 150 ஆக்கி, அப்லோடுக்கு ஒரு வரம்பு வைத்துவிட்டு, அதே கோப்பைத் தொடரட்டும். தீச்சுடர் மறுபடி தோன்றும். அதைப் பொருட்படுத்தாமல் வேகத்தை மட்டும் பார்க்கட்டும்.